அம்மா இலவசமாகக் கொடுத்த கரண்டி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்கள், நண்பர்கள், கடையின் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. அம்மாவின் பொறுமையைப் பற்றி எழுது என்று சித்தி சொன்னார்கள். அம்மா பொறுமைசாலிதான். ஒரு காரியத்துக்காக மூன்று வருடம் வாய் திறக்காமல் காத்திருந்தவர்கள். அந்தக் காரியத்தைத்தான் எழுதப் போகிறேன். படித்துவிட்டுச் சிலர் வருத்தப்படலாம். ஒருவர் கட்டாயம் வருத்தப்பட வேண்டும் என்றே எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது திசையன்விளைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். பன்னிரண்டு வயதில் தாயை இழந்தார்கள். அப்போது அம்மாவின் ஒரே தம்பிக்கு, அதாவது எங்கள் மாமாவுக்கு, நான்கு வயது. அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அம்மாதான். கல்யாணமாகிப் பம்பாய்க்கு வந்த பிறகும் தம்பி நினைவாகவே இருந்தார்கள். தாராவியில் எங்களுக்கு ஒரே அறை. அப்பா மாட்டுங்காவில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் சிறிய கடை வைத்திருந்தார்கள். அப்பாவிடம் நச்சரித்து மாமாவை ஊரிலிருந்து வரவழைத்து, கடையில் உட்கார வைத்ததும் அம்மாதான்.

ராத்தல் போய்க் கிலோ வந்த சமயத்தில் வியாபாரம் திடீரென்று இறங்கியது. உங்கள் பொடி முன்போல இல்லை, ஒரு நாள் கசக்கிறது, ஒரு நாள் தண்ணீராக இருக்கிறது என்று மாட்டுங்கா வீடுகளில் குறை சொல்ல ஆரம்பித்தார்கள். அப்பாவுக்குத் தாங்க முடியவில்லை. அதே கொட்டை, அதே வறுவல். அம்மா ஒரு வாரம் வாடிக்கை வீடுகளுக்குப் போய் அடுப்படியில் நின்று பார்த்தார்கள். ஒரு வீட்டில் டப்பா மூடியால் அளந்தார்கள், ஒரு வீட்டில் கைப்பிடியால். அரை ராத்தல் பொட்டலம் இத்தனை நாளைக்கு வரும் என்று பழகிப்போன கை, கிராம் பொட்டலத்தில் தடுமாறிப் போயிருந்தது. பொடியில் கோளாறு இல்லை, அளவில்தான் என்று அம்மா வந்து சொன்னார்கள்.

வரிசையாக ஒற்றை அறை வீடுகள் கொண்ட எங்கள் சாலுக்குப் பின்னால் அலுமினியப் பட்டறை வைத்திருந்த அண்ணாச்சியிடம் போய், தலை தட்டி ஒரு கரண்டி போட்டால் ஒரு டம்ளர் காப்பிக்குச் சரியாக வரும்படி ஒரு கரண்டி வேண்டும் என்று கேட்டார்கள். அண்ணாச்சி அடித்துக் கொடுத்த முதல் கரண்டி ஆழம் அதிகம். அடுத்தது குறைவு. அம்மா ஒவ்வொன்றிலும் பொடி போட்டு இறக்கிக் குடித்துப் பார்த்து, ஏழாவது கரண்டியைத்தான் சரி என்றார்கள். பிடியில் அப்பாவின் பெயரும் கடை இருக்கும் தெருவும் பதித்து, கால் கிலோ வாங்குகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது அம்மாவின் யோசனை.

அன்று மாமா சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "எக்கா, நாம காப்பிப்பொடி விக்கோமா, பாத்திரக்கடை வைக்கோமா?" என்று கேட்டார்.

மற்ற கடைக்காரர்கள் அப்போது காலண்டரும் விசிறியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். காலண்டர் சுவரில் தொங்கும். எங்கள் கரண்டியோ காப்பி டப்பாவுக்குள்ளேயே கிடந்து, தினமும் காலையில் முதல் வேலையாகக் கைக்கு வந்தது. எல்லா வீட்டிலும் காப்பி ஒரே மாதிரி இறங்கியது. ஆறு மாதத்தில் செம்பூரிலிருந்தும் விக்ரோலியிலிருந்தும் ரயிலேறி வந்து வாங்கினார்கள்.

அந்த நல்ல நாட்களில்தான் அப்பாவுக்கு நெஞ்சு நோய் வந்தது. லைசென்ஸ் புதுப்பிக்கவும் கடை வாடகைப் பத்திரம் மாற்றவும் ஆபீசுக்கு அலைய அப்பாவால் முடியவில்லை. மாமா தன் பெயரில் எழுதிக்கொண்டால் அலைச்சல் மிச்சம் என்றார். தம்பிதானே என்று அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போட வைத்தார்கள். இதை அம்மா கடைசி வரை தன்னுடைய குற்றமாகவே சொன்னார்கள்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல்கூடப் பிரிக்கவில்லை. மாமா அம்மாவை அழைத்து, "எக்கா, இனி நீ கடைப்பக்கம் வரவேண்டாம். நான் பாத்துக்கிடுதேன். வீட்டுக்கு மாசாமாசம் பொடி அனுப்பி வைக்கேன்" என்றார்.

"கடை யாருதுலே?" என்று அம்மா கேட்டார்கள்.

"பேப்பரு எம்பேர்லதான இருக்கு."

அம்மா அடுத்த மாதம் வந்த பொட்டலத்தைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினார்கள். மிளகாயும் மல்லியும் அரைத்து, சாம்பார்ப் பொடி செய்து, செம்பூர் திலக் நகர் வீடுகளுக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்றுப் பிள்ளைகள் எங்கள் நால்வரையும் காப்பாற்றினார்கள். உறவினர்களில் சிலர் அந்த வருடங்களில் மாமா வீட்டு விசேஷங்களுக்கு மட்டும் போனீர்கள். யார் யார் என்பது அம்மாவுக்கு நினைவிருந்தது. எனக்கும் இருக்கிறது.

மாமா கடைப் பலகையை மாற்றினார். கரண்டியில் அப்பாவின் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டார். மறு வருடம் மாட்டுங்காவில் தமிழர்கள் நடத்திய பொங்கல் விழாவில், கரண்டியைக் கண்டுபிடித்து வியாபாரத்தை வளர்த்த இளைஞர் என்று மேடையில் அவருக்கு மாலை போட்டார்கள். குளித்துக்கொண்டிருந்தபோது அந்த யோசனை தனக்குத் தோன்றியதாக மாமா மைக்கில் சொன்னார். நாங்கள் மூன்றாவது வரிசையில் இருந்தோம். நான் எழுந்துவிட்டேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்கள்.

"இரி. கை தட்டு" என்றார்கள். தட்டினோம்.

சில நாளில் பட்டறை அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார்கள். தகடு மெலிசாக இருக்கட்டும், ஆழத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம், சும்மா கொடுக்கிற சாமான்தானே என்று மாமா சொன்னாராம். முடியாது என்று அண்ணாச்சி மறுத்ததும் வேறு பட்டறைக்குப் போய்விட்டாராம். அந்தப் புதுக் கரண்டி ஒன்றை அண்ணாச்சி கையோடு கொண்டுவந்திருந்தார்கள். அம்மா அதில் தண்ணீர் நிரப்பி, பழைய கரண்டியில் ஊற்றிப் பார்த்தார்கள். விளிம்புக்கு வரவில்லை. அப்பா போன பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

மூன்றாம் வருடம் திலக் நகரில் ஒரு சின்னக் கடை கிடைத்தது. அம்மா வறுவல் சட்டியும் அரவை மிஷினும் வாங்கி வைத்தார்கள். அண்ணாச்சி பழைய அச்சை எடுத்து, அப்பாவின் பெயர் பதித்த கரண்டிகளை அடித்துக் கொடுத்தார்கள். திறந்த அன்று வாசலில் ஒரு பலகை வைத்தோம். எந்தக் கடைப் பொடியானாலும் எங்கள் கரண்டியால் அளந்து பாருங்கள், வீட்டிலுள்ள கரண்டியைக் கொடுத்துவிட்டு இதை இலவசமாக வாங்கிப் போகலாம், பொடி வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று எழுதியிருந்தோம்.

முதல் வாரம் பொடி விற்கவே இல்லை. கரண்டி மட்டும் போனது. இரண்டாம் வாரம் மாட்டுங்காவிலிருந்து பழைய வாடிக்கையான ஓர் ஐயர் வீட்டு மாமி, எங்கள் மாமா கடைப் பொடியையே கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு கரண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

"கரண்டிலயே கொறைச்சவன் பொடில கொறைக்காம இருப்பானா?" என்றார்கள்.

அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்தக் கேள்வி மாட்டுங்கா மாடிப்படிகளில் ஏறி இறங்கி, செம்பூருக்கும் வந்து சேர்ந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும். மாமாவின் பொடியில் எந்தக் குறையும் இல்லை. அப்பாவின் பக்குவம் அப்படியே இருந்தது. அது அம்மாவுக்குத் தெரியும். கேட்டவர்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மாமா பயந்துபோய்ச் சீப்பு கொடுத்தார், சோப்பு டப்பா கொடுத்தார், முகம் பார்க்கும் கண்ணாடி கொடுத்தார். ஜனங்கள் வாங்கிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார்கள். இரண்டு வருடத்துக்குள் மாட்டுங்கா கடையில் வேறு ஒருவர் துணி விற்கத் தொடங்கிவிட்டார்.

மாமா பெயர் போட்ட கரண்டிகள் எங்களிடம் மூன்று சாக்கு சேர்ந்திருந்தன. அண்ணாச்சி அவற்றை உருக்கி ஒரு பலகையாக வார்த்துக் கொடுத்தார்கள். அதைக் கடை வாசல்படியின் மேல் பதித்தோம். திலக் நகர் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் அதை மிதித்துத்தான் ஏறியிருக்கிறீர்கள். படி எதனால் ஆனது என்று அம்மா யாரிடமும் சொன்னதில்லை. இப்போது நான் சொல்கிறேன்.

ஒரு நாள் காலையில் மாமாவே அந்தப் படி ஏறி வந்தார். கையில் வாழைப்பழச் சீப்பு. கடையில் நல்ல கூட்டம். வரிசையில் நின்று அவர் முறை வந்ததும், "எக்கா, ஒங்கூடயே இருந்து வேல பாக்கேன்" என்றார். அம்மா கால் கிலோ பொட்டலம் ஒன்றை எடுத்து, அதன் மேல் ஒரு கரண்டியை வைத்து, எல்லோருக்கும் கொடுப்பதுபோல அவர் கையில் கொடுத்தார்கள்.

"அடுத்தவங்க வாங்க" என்றார்கள்.

அன்று அம்மா சந்தோஷப்பட்டார்களா என்று தங்கை ஒருமுறை கேட்டாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். ஆம். மத்தியானம் இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டார்கள்.

மாமா பிறகு உல்லாஸ்நகரில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். சென்ற வருடம் வயிற்று நோயால் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது பார்க்க வந்தார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். அவர் போன பிறகு என்னிடம், "பொறந்த வீட்டுக் கோடி அவன் கையால வேண்டாம்ளா. அண்ணாச்சி போடட்டும்" என்றார்கள். அம்மா என்னிடம் கடைசியாகத் தெளிவாகப் பேசியது அதுதான்.

அப்படியே செய்தேன். உடன்பிறந்தவன் கடைசியாகப் போர்த்த வேண்டிய கோடிச் சேலையுடன் மாமா சாலின் முனையில் நின்றதையும், நான் வாசலை மறித்து நின்றதையும் பலர் பார்த்தீர்கள். சாவு வீட்டில் இப்படியா என்று பெரியவர்கள் கடிந்துகொண்டீர்கள். எட்டு வயது மூத்த அக்கா தாயாக இருந்து வளர்த்த பிள்ளை அவர். அம்மாவுக்கு அவர்மேல் இருந்த பிரியம் சின்னதாக இருந்திருந்தால் இந்தக் கோபமும் சின்னதாக இருந்திருக்கும். நான் விலகவில்லை. மாமா சேலையை மடித்துக்கொண்டு திரும்பிப் போனார். அண்ணாச்சி கோடி போட்டார்கள்.

அம்மாவை ஆஸ்பத்திரியில் கண்போலப் பார்த்துக்கொண்ட நர்சு அம்மாக்களுக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டு அடுப்பு எரியாதபோது சோறு கொண்டுவந்த தாராவி அண்டை வீட்டாருக்கும், சொல்லாமலே கடையைத் திறந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்ட திலக் நகர் சகோதரிகளுக்கும், உடன்பிறந்தவராக நின்ற பட்டறை அண்ணாச்சிக்கும் எங்கள் நால்வரின் நன்றி. இந்த மலரை அழகாக அச்சிட்டுத் தந்தவர்களுக்கும் நன்றி. உறவினர் பட்டியலில் தாய்மாமன் என்ற இடம் காலியாக இருக்கிறதே, பெயர் விட்டுப்போயிற்றா என்று அவர்கள் இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டார்கள். விட்டுப்போகவில்லை, அப்படியே அச்சிடுங்கள் என்று சொல்லியனுப்பினேன்.