ஃபேன் யார் பக்கம்

எங்கள் ராயபுரத்து வீட்டில் காலையில் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை கறுப்பாகும். துறைமுகத்தில் கப்பல் கப்பலாக நிலக்கரி இறங்கிய நாட்கள் அவை. காயப்போட்ட பாவாடையிலும், மூடிவைத்த சோற்றிலும், மாதா படத்துக் கண்ணாடியிலும் கரித்தூள் படியும், எனக்கோ பிறந்ததிலிருந்தே "வீசிங்". அதனால் வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேன் என் பாய்க்கு எதிரில்தான் நிற்கும், நான் ஏழாவது படிக்கும்போது, சரக்கு இறக்கும் வேலையிலிருந்த நைனா, சேவியர் அண்ணனின் படிப்புக்காக ஒரு பழைய கம்ப்யூட்டரைச் சுமந்து வரும் வரை.

வந்த புதிதில் அது பறந்தது. அண்ணன் வெளியே போனால் நான்தான் அதன் ராணி. படம் வரைவேன், சீட்டாடுவேன், திறக்கக் கூடாததையெல்லாம் திறந்து பார்ப்பேன். பிறகு மெல்ல மெல்ல மந்தமானது. பொத்தானை அழுத்திவிட்டுக் குழாயடிக்குப் போய் ஒரு குடம் பிடித்து வந்தாலும் திரையில் மணல் கடிகாரம் கவிழ்ந்துகொண்டே இருக்கும். அண்ணன் எல்லாவற்றையும் அழித்து "ஃபார்மெட்" போடுவான். ஒரு வாரம் ஓடும், மறுபடி படுத்துக்கொள்ளும். சூடுதான் காரணம் என்று யாரோ சொல்ல, பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, என் ஃபேனைத் தூக்கிப் போய் அந்தத் திறந்த வயிற்றுக்கு நேராக வைத்தான்.

"அவளுக்கு மூச்சு முட்டுதுடா" என்றாள் அம்மா.

"இதுக்குந்தாம்மா முட்டுது. இதுக்கு ஃபார்மெட் போட்டா சரியா பூடும், அவளுக்கு இன்னாத்த போடறது?"

நைனா சிரித்தார். அம்மாவும் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன்; அதில் இருமல் வந்தது.

மே மாதப் புழுக்கத்தில் ஒரு மதியம், மறுநாள் கொடுக்க வேண்டிய புராஜெக்டை அண்ணன் முடித்துக்கொண்டிருந்தான். அதைக் கொடுத்தால்தான் சர்டிபிகேட், அது இருந்தால்தான் வேலை. அவன் சாப்பிட எழுந்த நேரம், என் நெஞ்சுக்குள் விசிலடிப்பதைக் கேட்கப் பொறுக்காமல் அம்மா ஃபேனை என் பக்கம் திருப்பினாள். அவன் கை கழுவி வருவதற்குள் திரை முழுக்க நீலம், அதில் வெள்ளை எழுத்துகள். அணைத்துப் போட்டான், மறுபடியும் நீலம்.

"காத்து வாங்கிகினு கீறா பாரு மகாராணி! என் பொழப்பையே வாங்கிட்டா நைனா!"

பெட்டி ஆறினால் எழுந்துவிடும் என்று நைனா ஃபேனை அதற்கு நேராகத் திருப்பி, சரக்கு மூட்டைக்குப் போடுகிற முடிச்சால் ஃபேனின் கழுத்தை மேசைக் காலோடு இறுக்கிக் கட்டினார். "எவளாவது தொட்டீங்க, கை இருக்காது." அன்று முழுக்க நான் வாசற்படியில் முகத்தை வைத்து, வாயைத் திறந்துகொண்டு கிடந்தேன். போகிறவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள்.

மறுநாள் மெக்கானிக் பாபு வந்து, டார்ச் அடித்துப் பார்த்தார். "இன்னா மாமு, உள்ள கரி மூட்டையே கீது? இந்த ஊர்ல தொறந்த பெட்டிக்கு எவனாவது ஃபேன் வெப்பானா? அந்தக் காத்துதான் மொத்தத்தையும் உள்ள தள்ளிகீது." பிரஷ்ஷால் தட்டியதும் தரையில் ஒரு கைப்பிடி கறுப்பு விழுந்தது. புராஜெக்ட் போனது போனதுதான். அண்ணன் தரையையே பார்த்தான். நைனா பீடி வாங்கக் கிளம்பினார். முடிச்சு அவிழாததால் அம்மா அரிவாள்மனையில் கயிற்றை அறுத்தாள்.

அந்தப் பெட்டி பழைய இரும்புக்குப் போனது. நைனா இல்லை. ராயபுரத்தில் இப்போது கரி இறங்குவதில்லை. அதை எண்ணூர்ப் பக்கம் மாற்றியபோது எங்கள் தெருவில் வெடி வெடித்தார்களாம். எனக்குத் தெரியாது, நான் எண்ணூரில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். என் மகளுக்கும் வீசிங்.

போன ஞாயிறு அண்ணன் வந்திருந்தான். மடியில் வைத்திருந்த லேப்டாப் சூடாகித் திணற, பேச்சை நிறுத்தாமலே கை நீட்டி, என் மகளின் பாய்க்கு எதிரில் இருந்த ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் தலையணையை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போனாள்.