காற்றைச் சலித்த மாமா

மாப்பிள்ளை வாய்விட்டு ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தையைப் பிரசவத்துக்குக் கொண்டுவந்து விட்ட அன்று, சாப்பாட்டு இலையின் முன்னால் மாமா, "எனக்கு ஒண்ணு வேணும் மச்சான்" என்றதும் அப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. சைக்கிள் கேட்பார் என்று அப்பா பயந்தார். மோதிரமாக இருக்கும் என்று அம்மா பயந்தாள். மாமா கேட்டதோ சுவரில் இரண்டு ஓட்டை.

யுத்தக் காலம் அது. மீன்சுருட்டிக்குப் பக்கத்தில், ஏரிக்கரையை ஒட்டிய ஊர் எங்களுடையது. அத்தை என் அப்பாவின் தங்கை. மாமா அரியலூர் ரயில்வே ஸ்டேஷனில் கூட்ஸ் குமாஸ்தா. அதற்கு முன்பும் ஒருமுறை அத்தை பிரசவத்துக்கு வந்திருந்தாள். எங்கள் வீட்டில் வைத்துத்தான் குளிர்காய்ச்சல் அவளைப் பிடித்து உலுக்கியது. குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. எல்லோரும் கண்திருஷ்டி என்றார்கள். மாமா மட்டும் கொசு என்றார். ரயில்வே டாக்டர் சொன்னாராம். எங்கள் வீட்டில் யாரும் அதை நம்பவில்லை. ஆனாலும் மாப்பிள்ளையை மறுத்துப் பேச ஒருவருக்கும் வாய் வரவில்லை. பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பாவிட்டால் ஊர் ஏசும் என்பதால் அவர் அத்தையை அழைத்து வந்திருந்தார். இந்தக் குழந்தையாவது உயிரோடு பிறக்க வேண்டும் என்கிற பயம் அவர் முகத்திலேயே தெரிந்தது.

பிரசவத்துக்கென்று ஒதுக்கிய உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தி வேப்பிலைப் புகை போடுவார்கள். கொசு கொஞ்சம் மயங்கும். அத்தை அதைவிட அதிகம் மயங்கி, இருமி இருமி வெளியே ஓடி வருவாள்.

"புள்ளத்தாச்சிக்குக் காத்து பட்டா சன்னி வந்துடும் தம்பி" என்றாள் அம்மா.

"காத்து வரட்டும்க்கா. கொசு வராம பாத்துக்கிறேன்."

அதற்குக் கம்பிவலை வேண்டும். யுத்தத்தில் அது எங்கே கிடைக்கும்? மாமா நேரே அடுக்களைக்குள் நுழைந்தார். மாப்பிள்ளை அடுக்களைக்குள் வந்த அதிர்ச்சியில் அம்மா கையிலிருந்த கரண்டியோடு சுவரோரம் ஒதுங்கினாள். செத்த கொசு ஒன்றை ரவைச் சல்லடையில் போட்டுத் தட்டினார். விழுந்துவிட்டது. மாவுச் சல்லடையில் போட்டுத் தட்டினார். விழவில்லை. பெண் கேட்டு வந்து சம்மதம் கிடைத்தவர்போல் அந்தச் சல்லடையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

சல்லடைக்கு மரவளையம் இருக்கவே இருக்கிறது, தச்சர் வேண்டியதில்லை. கிழக்குச் சுவரில் கீழே ஒரு வட்டம், மேற்குச் சுவரில் கூரையை ஒட்டி இன்னொரு வட்டம். குளிர்ந்த காற்று கீழே நுழையும், சூடு மேலே போய்விடும் என்றார். இரண்டாவது சல்லடையை அப்பா ஜெயங்கொண்டம் சந்தையில் வாங்கி வந்தார். கூரைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளியை மாமா களிமண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்தார். ஏணியில் நின்று மண் பூசும் மாப்பிள்ளையைத் தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. "உங்க வூட்டு மாப்ள காத்தையே சலிக்கிறாராமே?" என்று கேட்டார்கள். அப்பா வெட்கப்பட்டு, வயலுக்கு வெள்ளனவே போய் இருட்டிய பிறகு வந்தார்.

வேலை முடிந்தும் மாமா அத்தையை அந்த அறையில் படுக்க விடவில்லை. அவளைக் கூடத்தில் புகைக்கு நடுவே தலையோடு கால் போர்த்திப் படுக்க வைத்தார். தான் மட்டும் சட்டையோ போர்வையோ இல்லாமல் உள்ளறையில் படுத்தார். காலையில் என்னைக் கூப்பிட்டு முதுகைக் காட்டினார்.

"தடிப்பு இருக்கா பாரு பாப்பா."

முதுகு முழுவதும் சிவந்து கிடந்தது. "கொசுவுக்கு விருந்தே வெச்சிருக்கீங்க மாமா" என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் அன்றைக்கெல்லாம் அறையின் ஒவ்வொரு மூலையையும் விரலால் தடவித் தடவி ஓட்டை தேடினார். ஒன்றும் அகப்படவில்லை.

சாயங்காலம் விடை கிடைத்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் வாசற்கதவு திறந்திருந்தால்தான் லட்சுமி வருவாள் என்று அம்மா வாசலிலிருந்து உள்ளறை வரை எல்லாக் கதவுகளையும் அகலத் திறந்து வைத்தாள். ஏரிக்கரைக் கொசுக்கள் கிளம்புவதும் சரியாக அந்த நேரத்தில்தான். மாமா வாசலைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். சுவரைக் கேட்ட மாப்பிள்ளைக்கு லட்சுமி வரும் வழியைக் கேட்கத் துணிவில்லை. அன்றும் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார்.

மறுநாளும் நான் அந்த முதுகைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது அம்மாவும் எட்டிப் பார்த்தாள். அன்று வெயில் பனை உச்சியை விட்டு இறங்குவதற்கு முன்பே விளக்கை ஏற்றிவிட்டாள்.

"லட்சுமி கொஞ்சம் வெள்ளனவே வரட்டும். வந்ததும் கதவச் சாத்திக்கிட்டா ஆச்சு" என்றாள், யாரையும் பார்க்காமல்.

அடுத்த நாள் காலையில் மாமாவின் முதுகில் பழைய தடிப்புகள்தான் இருந்தன. புதிதாக ஒன்றுமில்லை. தெருவுக்கே கேட்கும்படி நான் அதைக் கத்திச் சொன்னேன். அன்றைக்கே அத்தை உள்ளறைக்குப் போனாள். மாமா அரியலூருக்குப் போனார். அந்தத் தீபாவளிக்கு அதிரச மாவை வேட்டித் துணியில்தான் சலித்தோம்.

பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். ஆள் அனுப்பியும் மாமா உடனே வரவில்லை, பெயர் வைக்கும் அன்றுதான் வந்தார். கன்னம் ஒட்டிக் கறுத்து, வேட்டி இடுப்பில் நிற்காத ஆளாக வந்தார். அரியலூர் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் குளிர்காய்ச்சல் வந்து படுத்துவிட்டாராம். அவரைப் பார்த்ததும் அத்தை சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். நேரங்கழித்து வந்ததால் கோபம்போல என்று நினைத்துக்கொண்டேன். குழந்தையை மாமாவின் மடியில் போட்டார்கள். அவள் கையையும் காலையும் திருப்பித் திருப்பி, ஒரு தடிப்பாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு மனசு தாங்கவில்லை. "அரியலூர்ல கொசு ரொம்ப ஜாஸ்தியா மாமா? பேசாம இங்கயே இருந்திருக்கலாம்ல? இந்த அறையில படுத்திருந்தா உங்களுக்குக் காய்ச்சலே வந்திருக்காது" என்றேன்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை மறுபடி அழத் தொடங்கினாள்.

மாமா மட்டும் என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, "ஆமா பாப்பா, எனக்குத் தோணாமப் போச்சு" என்றார். இவ்வளவு படித்த மாமாவுக்கு இது தோன்றவில்லையே என்று நான் அவருக்காக வருத்தப்பட்டேன்.