எனக்கு மட்டும் தெரியாத நிறம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். லண்டனுக்கு வந்து, மிச்சம் என்கிற பகுதியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் செய்துகொண்டே பழைய கமரா ஒன்றை வாங்கி, எவனிடமும் கைகட்டி நிற்காமல், நானாகவே படம் எடுக்கக் கற்றேன். இன்றைக்கு லண்டனில் தமிழர் கலியாணம் நடக்கிற மண்டபங்களில் என் பிளாஷ் மின்னாத மண்டபம் ஒன்று இருந்தால் சொல்லுங்கள். தாலி ஏறும் நேரத்தில் படித்த பொடியன்கள் சடசடவென்று அமுக்கிக்கொண்டே இருப்பார்கள். நான் ஒரே தடவைதான். தவறியதே இல்லை.

அப்படிப்பட்டவன் இந்த இலையுதிர் காலத்தில் ஓர் ஏரிக்கரையில் நின்று நடுங்கினேன். குளிரால் அல்ல.

என் தங்கையின் மகளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. தாய்மாமன் மேடையில் பட்டுவேட்டியோடு நிற்க வேண்டியவன். நானோ, மேடைக்குக் கீழே கமராவோடுதான் நிற்பேன், என் மருமகளை வேறு எவனும் படம் எடுக்கக்கூடாது என்று ஊரெல்லாம் சொல்லிவைத்துவிட்டேன். சொல்லிய சூடு ஆறுமுன் கண் பரிசோதனைக்குப் போக வேண்டி வந்தது. எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, நெடுநாளாக உண்டு. இடது கண்ணின் பின்புறத்தில் இரத்தம் கசிகிறது, ஆஸ்பத்திரியில் ஊசி போட வேண்டும், இடையில் நிறங்கள் வெளிறினாலோ பார்வை மங்கினாலோ ஒரு நாள்கூடப் பொறுக்கக்கூடாது என்று பரிசோதித்த பெண் சொன்னாள். நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. நான் இடது கண்ணால் கமரா பார்க்கிறவன். அந்தக் கண்ணில் ஊசி என்று தெரிந்தால் தங்கை வேறு ஆளைப் பிடித்துவிடுவாள். கலியாணம் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

இரு வீட்டாரும் கலியாணத்துக்கு முன்பே கலந்து பழகட்டும் என்று, வட லண்டன் எட்மண்டனில் இருக்கிற தங்கை, நகரின் வடக்கு ஓரத்தில் ஓர் ஏரிக்கரையில் இரண்டு மரக்குடில்களை ஒரு வார இறுதிக்கு எடுத்தாள். ஒன்றில் நாங்கள், மற்றதில் சம்பந்தி வீட்டார். மாப்பிள்ளைப் பொடியன் மலேசியத் தமிழன், நல்ல பிள்ளை. என் மனைவி குளிர் ஆகாது என்று வரவில்லை.

வெள்ளிக்கிழமை, இருட்டிக் கொஞ்ச நேரம். தங்கையின் கணவர், என் மச்சான், உள்ளே கோழி பொரித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை போனைப் பார்த்துவிட்டு, துருவத்து வானத்தில் நிறநிறமாய் ஆடுகிற நொதர்ன் லைற்ஸ் வெளிச்சம் இன்றைக்கு இங்கேயே தெரியும் என்று போட்டிருக்கிறார்கள் என்றான்.

"லண்டனிலையோ? லண்டனிலை மழைதான் தம்பி தெரியும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும் எழுந்து வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் மருமகள் வெளியிலிருந்து கத்தினாள்.

"மாமா, கமராவோடை ஓடி வாங்கோ! பிங்க் மாமா, முழு வானமும் பிங்க்!"

ஓடினேன். கரை முழுக்க ஆட்கள். எல்லோருடைய கையும் போனோடு மேலே. மற்றக் குடில்களில் இருந்த வெள்ளைக்காரர்களும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

சாம்பல். மரங்களுக்கு மேலே, குப்பை எரித்த புகைபோல நீளமாக ஒரு பட்டை நின்றது. முகிலாக்கும் என்று நினைத்தேன். முகில் என்றால் நட்சத்திரத்தை மறைக்கும். இதற்கு உள்ளால் நட்சத்திரம் தெரிந்தது. அப்படியென்றால் இதுதான் அது.

"ஐயோ அண்ணை, என்ன நிறம் பாருங்கோவன்! என்ரை கூறைச்சேலை மாதிரி!" என்றாள் தங்கை, சம்பந்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு. சம்பந்தி அம்மாவும் "ஆமா, ஆமா, அப்படியே பட்டு" என்றார்.

ஒருவருக்கும் தெரியாமல் இடது கண்ணைப் பொத்திப் பார்த்தேன். சாம்பல். வலது கண்ணைப் பொத்தினேன். அதே சாம்பல். ஒரு கண் என்று நினைத்திருந்தது இரண்டு கண்ணுக்கும் வந்துவிட்டது. நிறம் வெளிறினால் பொறுக்காதே என்று அந்தப் பெண் சொன்னது காதுக்குள் கேட்டது.

"ஓம் ஓம், நல்ல வடிவு" என்றேன். வாய் தானாகச் சொன்னது.

மருமகளும் மாப்பிள்ளையும் தண்ணீரின் ஓரமாகப் போய் நின்று, தங்களை அதோடு சேர்த்து எடுக்கச் சொன்னார்கள். முக்காலியை விரித்தேன். இந்த இருட்டில் எடுக்க எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஷட்டரைச் சில விநாடி திறந்து வைக்க வேண்டும், கடைசியில் ஆட்களுக்குச் சின்னதாய் ஒரு பிளாஷ். விரல்கள் தாமாகவே எல்லாவற்றையும் செய்தன. அக்கரையில் மோட்டர்வே விளக்கு ஒன்றை வைத்துக் கூர்மை பார்த்தேன். விளக்கு கூராகத் தெரிகிறதா, கலங்கித் தெரிகிறதா? என்னால் தீர்மானிக்க முடியவில்லை. திருகினேன், திரும்பவும் திருகினேன்.

"அசையாதேங்கோ பிள்ளையள்" என்று அமுக்கினேன்.

கமராவின் திரையில் வானம் செம்பருத்திபோல வந்து விழுந்தது. அடியில் ஒரு பச்சைக்கரை வேறு. அப்படியானால் நிறம் மேலே இருக்கிறது, என் கண்ணில்தான் இல்லை. திரையில் இருக்கிற சிவப்பையும் இதே கண்தானே பார்க்கிறது என்று யோசிக்கிற புத்தி அந்த நேரம் வரவில்லை. பயந்தவனுக்கு ஏது புத்தி?

மருமகள் ஓடிவந்து திரையைப் பார்த்துத் துள்ளினாள். "மாமா, சீரியஸா, இதைப் பெரிசா அடிச்சு மண்டப வாசல்லை வைப்பம். எங்கட மாமா எடுத்தது எண்டு எல்லாருக்கும் சொல்லுவன்."

அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. கமராவை அவள் கையில் கொடுத்துவிட்டு, படகு கட்டுகிற பலகைப் பாலத்தின் நுனிக்குப் போனேன். ஐயர் வளர்க்கிற நெருப்பு, கூறையின் சிவப்பு, தாலிக்கொடியின் மஞ்சள் எல்லாம் சாம்பலாகத் தெரிந்தால் நான் எதைப் பார்த்து அமுக்குவேன்? திரும்பச் சொல்லி எடுக்க, அது பிறந்தநாள் கேக் அல்ல. என்னை நம்பிய பிள்ளையின் கலியாணம் படமில்லாமல் போகும்.

தங்கை தேத்தண்ணி கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"நான் கலியாணத்துக்குப் படம் எடுக்கேல்லை. வேறை ஆளைப் பார்" என்றேன்.

"என்ன அண்ணை, விசரே? ஆர் என்ன சொன்னது?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. என்ரை கண் போட்டுது, பார்வை போச்சுது. நீங்களெல்லாம் பிங்க் எண்டுறியள். எனக்குச் சாம்பல். வெறும் சாம்பல்."

அவள் வானத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தேத்தண்ணி தளம்பச் சிரித்தாள்.

"எனக்கும் சாம்பல்தான் அண்ணை."

"அப்ப கூறைச்சேலை எண்டாய்?"

"போனிலை பாத்துச் சொன்னனான். பிள்ளை பிங்க் எண்டு கத்துது, சம்பந்தி வீட்டார் வாயைப் பிளக்கினம். நான் மட்டும் புகை எண்டு சொல்லி, பொம்பிளையின்ரை தாய்க்குக் கண் தெரியாது எண்டு பேர் எடுக்கவோ?"

மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டாள். "கண்ணுக்கு கிரே தான் ஆன்ட்டி. கேமராதான் வெளிச்சத்தைச் சேர்த்துப் பிடிக்குது. அம்மாவுக்கும் அப்படித்தான்லா, சும்மா பட்டுன்னாங்க. அங்கிளுக்குத் தெரியாததா!"

அங்கிளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஷட்டரைத் திறந்து வைத்தால் வெளிச்சம் சேரும் என்று ஊருக்கே வகுப்பெடுத்தவன் நான். நானும் சிரித்தேன். மூச்சு வந்தது. தங்கைதான் முதலில் சிரிப்பை நிறுத்தினாள்.

"அண்ணை, புகை மாதிரித் தெரிஞ்சதுக்கு கண் போட்டுது எண்டு ஏன் உடனை நினைச்சனீங்கள்?"

"வயசு போட்டுதெல்லே, அதுதான்."

"பொய். வயசு போட்டுது எண்டு நீங்கள் உங்கட வாயாலை இண்டைவரைக்கும் சொன்னதில்லை."

பிறகு எதை மறைப்பது? சொன்னேன். அவள் திட்டவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நேரே போய் மகளிடம் சொன்னாள். மருமகள் வந்து என் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"மாமா, நீங்கள்தான் எடுக்கிறியள். ஆனா பக்கத்திலை இன்னொராளும் நிப்பார். கலியாணத்துக்கு முதல் ஊசி போடாட்டி, கமராவும் இல்லை, ஒண்டும் இல்லை."

"என்ரை பக்கத்திலை இன்னொருத்தனோ?"

"ஓம்."

நான் போய் முக்காலியை மடக்கினேன்.

நான் வீடு வந்து சேருமுன் செய்தி மனைவிக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை தங்கையே ஆஸ்பத்திரிக்குப் போன் அடித்துப் பேசினாள். இரண்டு கிழமைக்குள் ஊசி போட்டார்கள். கண்ணுக்குள் ஊசி என்றால் இளந்தாரிகளே மயங்கி விழுவார்கள், நான் இமைக்கவில்லை. ஆனால் கண் தெளியுமா என்று கேட்டபோது, கசிவு நிற்கலாம், தெளிவு வருமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார் டொக்டர். இதை எழுதும்போதும் அந்தக் கண்ணின் நடுவில் ஒரு மங்கல் நிற்கிறது.

வருகிற சனிக்கிழமை கலியாணம். வலது கண்ணால் பார்க்கப் பழகுகிறேன். மூக்கு இடிக்கிறது, கை முந்துகிறது, இல்லாவிட்டால் பிந்துகிறது. மாப்பிள்ளை தாலிக்கொடியைக் கழுத்துக்குப் பின்னால் பூட்டி முடித்ததும் பெண்ணின் தோள் நூலளவு இறங்கும். மேளச் சத்தத்துக்குள் அதை யாரும் கவனிப்பதில்லை. அந்த இடத்தில்தான் அமுக்க வேண்டும். முன்னறையில் மனைவியைக் கதிரையில் இருத்தி, அந்தத் தோளை இறக்கச் சொல்கிறேன்.

"எங்கட கலியாணத்துக்குப் படம் எடுக்க ஒரு நாதியில்லை. இப்ப எடுக்கிறியள்" என்கிறாள்.

"கதையாதை. தோளை இறக்கு."

இறக்குகிறாள். அமுக்குகிறேன்.

"சரி வந்துதோ?"

"இல்லை. பிந்திப்போட்டுது. இன்னொருக்கா."