எதிராளியின் கதையை முதலில் கேட்ட அக்கா

எங்கள் அக்கா மயிலாப்பூரில், தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து வீட்டில் பிறந்தார். மூத்தவர். அடுத்து நான், கடைசியில் தம்பி. அப்பா மறைந்தபோது அக்கா சட்டக் கல்லூரி மாணவி. அழ நேரமில்லை அவருக்கு. பரீட்சை இருந்தது, நாங்கள் இருந்தோம். திருமணம் என்ற பேச்சையே பிறகு எடுக்கவிடவில்லை.

மேற்கு மாம்பலத்தில் வாடகை வீட்டின் முன்னறைதான் கடைசிவரை அவருடைய ஆபீஸ். மின்சார ரயில் கடக்கும்போது பேச்சை நிறுத்துவார். போனதும் விட்ட சொல்லிலிருந்தே தொடர்வார்.

வழக்கு என்று வருபவரிடம் அக்கா முதலில் அவர் கதையைக் கேட்க மாட்டார். எதிராளியின் கதையை, எதிராளியாகவே இருந்து, 'நான்' என்று சொல்லச் சொல்வார். அடையாற்று ஆட்டோக்காரர் ஒருவர், காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரர்மேல் கொதித்துப்போய் வந்திருந்தார்.

"இன்னா மேடம், அந்தாளுக்கு நானே வக்கீலா?"

"ஒரு தடவை கோட்டு போடாம வாதாடிப் பாருங்களேன்."

அவர் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். "நான் வீட்டுக்காரன். எம்பொண்ணு புருஷன வுட்டுட்டு கொயந்தையோட வந்து நிக்குது. அதுக்குத்தான் கீழ் வீடு வோணும்..." நிறுத்திவிட்டார். "தெரிஞ்சிகினேதான் மேடம் மல்லுக்கு நிக்கறேன்."

வக்கீல் நோட்டீஸ் போகவில்லை. அக்கா இருவரையும் உட்கார வைத்துப் பேசி, வேறு வீடு பார்க்க அவகாசம் வாங்கிக் கொடுத்தார்.

அம்மா போன பிறகு நானும் வழக்கோடு வந்து அக்காவுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். மயிலாப்பூர் வீட்டை விற்கத் தம்பி சம்மதிக்கவில்லை. அவன்மேல் வழக்குப் போட வேண்டும்.

"இப்ப நீ தம்பி. சொல்லு."

"நான் ஒண்ணும் உன் கிளையன்ட் இல்லக்கா."

"அதனாலதான்டா கேக்கறேன்."

எழுந்து வந்துவிட்டேன். வேறு வக்கீலை வைத்து வழக்குப் போட்டேன். அதன்பிறகு நான் அக்கா வீட்டுப் படி ஏறவில்லை.

அக்கா மருத்துவமனையில் கிடந்தபோது தம்பிதான் கூட இருந்தான். அவன் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து நான் போனேன். அக்காவுக்கு நினைவில்லை.

"பேசினா கேக்குமா சிஸ்டர்?"

"சொல்ல முடியாது சார். பேசுங்க."

காதருகே குனிந்தேன். "அக்கா, நான் தம்பி பேசறேன். அம்மாவத் தூக்கி உக்காரவெச்சு சோறு ஊட்டினவன் நான். அண்ணன் பொங்கலுக்கு வருவான், போட்டோ எடுப்பான், போவான். அம்மா இருந்த வீட்ட நான் எப்படிக்கா விக்கறது..."

அக்காவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். கேட்டாரா? ஓராண்டாகிவிட்டது. நான் யாரிடம் கேட்பது?

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், அவர் கட்சிக்காரர்களின் வழக்குகளைக் கைவிடாமல் நடத்தித் தரும் ஜூனியர்களுக்கும், இறுதிப் பயணத்தில் கூட நடந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

தம்பி, உனக்கும். வழக்கைத் திரும்பப் பெற்றுவிட்டேன். எல்லோருக்கும் அக்காவின் இந்த நினைவு மலர் தபாலில் வரும். உனக்கு மட்டும் நானே கொண்டு வருகிறேன். உன் பக்கத்தை நான் சொன்னதில் எத்தனையோ விட்டுப்போயிருக்கும். நீயே சொல். கேட்கத்தான் வருகிறேன்.