கார் இல்லாத ஷெட்டில் பூஞ்சை

"சிமென்ட் தரையெல்லாம் பதனமா வெச்சிக்கத் தெரியுமா உங்காளுங்களுக்கு?"

ஷெட் சாவியைக் கொடுக்கும்போதே ஓனரம்மா கேட்ட கேள்வி இது. ஆரணியில் டியூஷன் நடத்த அவர் வீட்டு கார் ஷெட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். அந்த வீட்டில் கார் கிடையாது. ஷெட் மட்டும் உண்டு — ஷட்டரோடு! எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான், பட்டமும் வாங்கியவள். ஆனாலும் அன்று சிரித்துவிட்டு வந்தேன். இப்போது அந்தச் சிரிப்பின் மேல்தான் கோபம் வருகிறது.

மழைக்குப் பிறகு, பின்சுவர் ஓரம் தரையில் பஞ்சு போல வெள்ளையாக ஏதோ படர்ந்தது. அப்புறம் பச்சை, கறுப்பு. பாயைத் தூக்கினால் குப்பென்று வாடை. தறி நெய்கிற ஒரு அம்மா வந்து நின்றார்.

"பொண்ணு இருமிகினே கீது டீச்சர். கொஞ்ச நாள் அனுப்பலங்க."

மறுநாள் இன்னும் இரண்டு பேர் வரவில்லை.

ஓனரம்மா எட்டிப் பார்த்தார். "பசங்க காலு கழுவாம வருதுங்க, வேற இன்னா? வெள்ளிக்கெழமை ஆனா நல்லா தண்ணி ஊத்திக் கழுவு. மாசக் கடைசிக்குள்ள சுத்தமாவலன்னா காலி பண்ணிடு."

கழுவினேன். வெள்ளிக்கிழமை மட்டுமா? தினமும்! பூஞ்சைக்கு நானே விருந்து வைத்திருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது.

அப்புறம் ஒழுங்காக இறங்கினேன். மாஸ்க், கிளவுஸ். ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டு, பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு, பிரஷ் போட்டுத் தேய்த்துத் துடைத்தேன். (பாத்ரூம் ஆசிட்டை இதோடு கலந்துவிடாதீர்கள். மூச்சை அடைத்துவிடும்.) இரண்டு நாள் ஃபேன் ஓடியது. தரை பளிச்!

பத்தே நாள். அதே சுவர் ஓரம் மறுபடி வெள்ளை.

அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கால் கழுவாத பிள்ளைகள் அந்தப் பின்சுவர் ஓரத்தில் மட்டுமா நடக்கிறார்கள்?

பிளாஸ்டிக் கவரை வெட்டி, வாசல் பக்கம் ஒன்று, பின்சுவர் ஓரம் ஒன்று — நாலு பக்கமும் டேப் போட்டுத் தரையில் ஒட்டினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், வாசல் பக்கம் காய்ந்து கிடக்கிறது. பின்சுவர் ஓரக் கவருக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர்! ஈரம் தரைக்குக் கீழிருந்து ஏறுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன? ஓனரம்மாவின் தரையடித் தண்ணீர்த் தொட்டி.

கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"இன்னா பேஜாரா கீது... தொட்டி கசியுதுன்னா கொத்தனார் வேணுமே. இப்போ எவன் ஜல்தியா வரான்?"

"எங்கப்பா கொத்தனார்தாங்க."

"உங்கப்பாவா?"

"ஆமாங்க. எதிர் வீட்டு மாடித் தரை அவரு போட்டதுதான். பத்து வருசமா ஒரு விரிசல் இல்ல."

இந்த ஊரில் எத்தனை வீட்டுத் தரையை அவர் முட்டி தேயத் தேயப் பூசியிருக்கிறார்! பூசத் தெரிந்தவர்களுக்குப் பாதுகாக்கத் தெரியாதாம்...

"பாக்கலாம், பாக்கலாம்" என்று ஓனரம்மா உள்ளே போய்விட்டார். 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

முந்தாநாள் காலை ஏழு மணிக்கே அப்பாவோடு போய் காலிங்பெல்லை அடித்தேன். சிமென்டும் கரணையும் அப்பாவிடம் இருந்தன. தொட்டியைக் காலி செய்ய வேண்டுமே — ஓனரம்மா கையில் ஒரு வாளியைக் கொடுத்துவிட்டேன்.