எஞ்சினியர் டாடோ வாங்கிய சுவிட்ச்

மணிலாவுக்குப் பக்கத்து ஊரான நோவெலேத்தாவில் டாடோவை எஞ்சினியர் என்றுதான் கூப்பிடுவார்கள். மின்சாரப் படிப்புக்கு ஒரே ஒரு வருஷம் போய்வந்தவர். அதிலும் பாதி நாள் கூடைப்பந்து மைதானத்தில் கழிந்தது. பிறகு டிரைசிகிள், அதாவது பக்கவண்டி பூட்டிய வாடகை மோட்டார் சைக்கிள், ஓட்ட வந்துவிட்டார். ஹாரனை அமுக்கினால் சிமிட்டும்படி வண்டிக்கு அடியில் நீல விளக்குப் பட்டை ஒன்றை ஒட்டினார். விளக்கு சிமிட்டியது, ஹாரன்தான் அடிக்கவில்லை. ஆனாலும் பட்டம் கிடைத்துவிட்டது. அதை அவரே எல்லோருக்கும் ஞாபகப்படுத்திக்கொண்டும் இருந்தார்.

அவர் மனைவி லுடி பதினோரு வருஷமாக ரொசாரியோ தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவள். பேட்டரிக்கு மின்னேற்றும் பலகைகளில் சின்னச் சின்ன உறுப்புகளை ஈயம் வைத்துப் பற்றவைக்கும் வேலை. விடிவதற்குள் கம்பெனி வேனில் ஏறினால், திரும்பி வரும்போது கண் இரண்டும் சிவந்திருக்கும். "உக்காந்த எடத்துல ஒட்டுற வேலைதானே" என்பார் டாடோ. என்ன பலகை, எதற்கு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த வருஷம் ஊரில் பாதி ஆண்கள் சிகரெட்டை விட்டுவிட்டு மின்புகைக் கருவியை வாயில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். அதை விற்கும் ஜெப்போய், திருவிழாவில் ஒரு போட்டி வைப்பதாக அறிவித்தான். யார் பெரிய புகைமேகம் விடுகிறாரோ, அவருக்கு முழுசாக வாட்டிய பன்றிக்குட்டி ஒன்று பரிசு.

"கடையில வாங்குறவன் வாங்கட்டும். என்னோடத நானே பண்றேன்" என்றார் டாடோ, வண்டி நிறுத்தத்தில் எல்லோர் காதிலும் விழும்படி.

மரப்பெட்டியைத்தான் முதலில் செய்தார். நல்ல சிவப்பு மரம். மூடியில் தன் பெயரைச் செதுக்கினார், முன்னால் எஞ்சினியர் என்றும் சேர்த்து. உள்ளே வைக்க வேண்டியதை வாங்க மணிலாவுக்கு, மின்சாமான் கடைகள் நிறைந்த ராவோன் தெருவுக்குப் பஸ் ஏறினார்.

அங்கே கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் பசிங் என்ற கடைக்காரம்மா நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தாள். நீல விளக்கு வைத்த ஒரு பொத்தான் சுவிட்சை டாடோ கையில் எடுத்தார்.

"சுவிட்ச் எதுக்கு?"

"ஒரு கருவிக்கு. சொன்னா உங்களுக்குப் புரியாது."

"எத்தனை ஆம்பியர் போகும்?"

டாடோ கொஞ்சம் யோசித்தார். "நல்லாவே போகும்."

"நல்லாவேன்னு ஒரு அளவு எங்ககிட்ட இல்லையே. புகை விடுற டப்பாதானே? உள்ள சூடேறுற கம்பிச்சுருள், அந்தக் காயில், எத்தனை ஓம்?"

"பூஜ்யம் புள்ளி ரெண்டு." இது ஒன்றுதான் அவருக்கு மனப்பாடம்.

பசிங் முள்கரண்டியை வைத்துவிட்டுக் கால்குலேட்டரைத் தட்டினாள். "இருபது ஆம்பியர் தாண்டும். நீங்க கைல வச்சிருக்கிற நீல லைட்டு சுவிட்ச் மூணுதான் தாங்கும். நடுவுல ஒரு மாஸ்ஃபெட் போடுங்க. பாரத்த அது தூக்கிக்கும், சுவிட்ச் உத்தரவு மட்டும் குடுக்கும். கூட ஒரு ரெசிஸ்டர், இல்லேன்னா விரல எடுத்தாலும் அணையாது. ஒயர் தடிமனா எடுங்க. அப்புறம் ஒரு ஃபியூஸ்."

"ஃபியூஸெல்லாம் பயந்தவங்களுக்கு."

"ஆமா. உயிரோட இருக்கிறவங்க எல்லாருமே கொஞ்சம் பயந்தவங்கதான்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி நூடுல்ஸுக்குத் திரும்பினாள்.

மாஸ்ஃபெட்டை டாடோ எடுத்துப் பார்த்தார். மூன்று கால் வைத்த கறுப்புப் பூச்சி மாதிரி இருந்தது, வேண்டாம் என்றார். தடி ஒயர் பெட்டிக்குள் மடங்காது என்று மெல்லிய சிவப்பு ஒயரை எடுத்தார். மரத்தின் நிறத்துக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. சுவிட்சின் தங்கநிற வளையம் பிடித்துப்போனதால் அதையே வாங்கினார். பேட்டரிக்குச் செலவே இல்லை. மச்சினன் தூக்கிப்போட்ட மடிக்கணினியிலிருந்து இரண்டைப் பிடுங்கிக்கொண்டார்.

வீட்டில் அவர் பற்றவைப்பதை, கருவாடு பொரித்துக்கொண்டிருந்த லுடி எட்டிப் பார்த்தாள்.

"எலிவால் மாதிரி இருக்கு இந்த ஒயரு. இதுல எவ்வளவு கரண்ட் விடப்போற?"

"லுடி, நீ ஒட்டுறவ. நான் வடிவமைக்கிறவன்."

"சரி" என்று சொல்லிக் கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.

திருவிழாவன்று பிற்பகல் மைதானம் நிறையக் கூட்டம். டாடோ முறை வந்ததும் பெட்டியை நாலு பக்கமும் காட்டினார். முதல் இழுப்பில் சுமாரான மேகம், கைதட்டல். இரண்டாம் இழுப்புக்கு அமுக்கிய பொத்தான் திரும்ப மேலே வரவில்லை. உள்ளே உருகி ஒட்டிக்கொண்டுவிட்டது. நீல விளக்கு அணைந்தது, காயில் அணையவில்லை. காயிலுக்குள் செருகிய பஞ்சு கருகி, அதன் நெடி தொண்டையில் ஏறியது. பெட்டி தோசைக்கல் மாதிரி சுட்டது.

வேறு யாராக இருந்தாலும் கீழே போட்டிருப்பார்கள். அத்தனை பேர் பார்க்கிறார்களே. எஞ்சினியர் இருமலை அடக்கி, சிரித்தபடி, எல்லாம் திட்டப்படி முடிந்தது போலப் பெட்டியைப் பேண்ட் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் பை புகைந்தது.

"எஞ்சினியர்" என்றான் ஜெப்போய் ஒலிபெருக்கியில், "மேகம் வாய்லேருந்துதான் வரணும். பேண்ட்லேருந்து வந்தா சேர்த்துக்க மாட்டோம்."

கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் லுடி பாய்ந்து வந்துவிட்டாள். "கழட்டு" என்றாள். அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாதிரியாரைப் பார்த்துத் தயங்கினார். லுடி தயங்கவில்லை. பேண்ட்டை உருவி மணலில் எறிந்தாள். கறி சுடும் கடையிலிருந்து இடுக்கியைப் பிடுங்கி வந்து மூடியைத் தட்டித் திறந்தாள். ஒயரை நெம்பி அறுத்து, பேட்டரி இரண்டையும் தனித்தனியே தள்ளிவிட்டு, எல்லோரையும் விலகி நிற்கச் சொன்னாள். அவை வெடிக்கவில்லை, சீறி அடங்கின.

"அக்கா, இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஜெப்போய் கேட்டான். ஒலிபெருக்கியை அணைக்க மறந்திருந்தான்.

"பதினோரு வருஷமா வேற என்ன பண்றேன்னு நெனச்ச?" என்றாள் லுடி. அது மைதானம் முழுக்கக் கேட்டது. உள்ளாடையோடு நின்ற டாடோவுக்கும் கேட்டது. தொடை எரிச்சலைவிட அதுதான் அவரைக் குனிய வைத்தது.

அடுத்த மாதம் ஜெப்போய் வீட்டுக்கே வந்து, கடைக்கு நாலு பெட்டி செய்துதர முடியுமா என்று லுடியைக் கேட்டான். விடுமுறை நாளில் அவள் ராவோனுக்குப் போனாள். அவளும் பசிங்கும் ஒரு மாஸ்ஃபெட்டை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஃபியூஸ் வைத்தாள். பெட்டி கேட்டு வந்து, ஃபியூஸ் வேண்டாம் என்ற ஒருவனை வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

"நீங்க மட்டும் ஏன் புகைக்கிறதில்ல, அக்கா?" என்று ஜெப்போய் கேட்டான்.

"எனக்கு அது பிடிக்காது. செய்றதுதான் பிடிச்சிருக்கு. கம்பெனியில செய்றது எந்த ஊருக்குப் போகுதுன்னே தெரியாது. இது யார் கையில இருக்குன்னு தெரியுது."

டிரைசிகிளில் ஏறுகிறவர்களிடம் வடிவமைப்பு தன்னுடையது என்றுதான் டாடோ இன்னும் சொல்கிறார். வீட்டில் அவருக்கு ஒதுக்கிய வேலை, மரப்பெட்டிகளுக்கு உப்புத்தாள் போட்டு மெருகேற்றுவது. அது அவருக்கு அருமையாக வருகிறது. அதை மட்டும் அவர் யாரிடமும் சொல்வதில்லை.