முறிந்த அச்சு

பழைய கார்களுக்கு வைத்தியம் பார்ப்பதில் மெக்கானிக் அக்கா கைதேர்ந்தவள். ஒருநாள் பெரியவர் ஒருவர் தன் அறுபது வருஷத்துச் சொகுசுக் காரைக் கட்டி இழுத்து வந்தார். பின்சக்கர அச்சு இரண்டாக முறிந்திருந்தது.

"என் வீட்டுக்காரி பள்ளத்துல இறக்கிட்டா. வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். நாலு நாளா முகங்கொடுத்துப் பேச மாட்டேங்கிறா."

அக்கா முறிந்த இடத்தைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினாள். ஓரத்தில் மட்டும் புதுப் பளபளப்பு, மற்றதெல்லாம் துரு.

"ஐயா, இது பல வருஷத்து விரிசல். நீங்க ஓட்டியிருந்தாலும் உடைஞ்சிருக்கும்."

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். "இந்தத் துண்டை எடுத்துட்டுப் போய் அவகிட்ட காட்டட்டுமா?"

"காட்டுங்க. ஆனா மன்னிப்பை முதல்ல கேட்டுடுங்க."

அடுத்த வாரம் இருவரும் வந்தார்கள். சாவியை மனைவி கையில் கொடுத்துவிட்டு, பெரியவர் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். அக்காவுக்கு மனசு நிறைந்துவிட்டது.